கர்ணனுக்குச் செய்த குண்டலம்

தொம்மலூர் தாண்டி, பழைய குதிரை லாயத்துக்கு முத்தம்மா போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. யுத்தம் முடிந்து ஏழு வருடமாகியும் ராணுவம் கழித்த சாமான்கள் அங்கே வந்துகொண்டிருந்தன. குதிரைகள் நின்ற இடத்தில் உடைந்த வயர்லெஸ் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எண்ணெய், துரு, ஈரக் கோணி. அதற்கடியில் இன்னொரு வாடை. நாள்பட்ட புண்ணின் கட்டை அவிழ்த்தால் வருவது.

கிளாரன்ஸ் அவற்றை ஏலத்தில் எடுத்து ராத்தல் கணக்கில் விற்றான்.

“இந்த வாட்டி யாரும்மா? ராவணனா?”

“கர்ணன்.”

“உன் ஆள்தானே வேஷம் கட்டறான்? இந்த வாரம் கவசம், தை மாசம் மாலை. குடுத்துவெச்ச பயல்.”

முத்தம்மா ஒரு பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தாள். மில் தொழிலாளர்களின் நாடகக் குழுவுக்கு அவள்தான் நகை செய்தாள். மதராஸிலிருந்து ஜிகினா நகை வரவழைக்க அவர்களால் முடியாது. வயர்லெஸ் பெட்டிக்குள் எல்லாம் இருந்தது. சுருள்களைப் பிரித்தால் செப்புக் கம்பி. வால்வுகளுக்குள் வெள்ளிப் பூச்சு. கண்டென்ஸரை உடைத்தால் மினுங்கும் காக்காப்பொன் தகடு. வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்களைக் கோத்தால் ஐந்தடி தூரத்தில் நவரத்தினம்.

குண்டலத்துக்குக் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கத்துத் தோல் கறுத்து விறைத்திருந்தது.

“இது என்ன கறை?”

“எல்லாம் பர்மா மால். சும்மா கழுவு, போய்டும்.”

அவள் புருஷன் நாராயணசாமி பர்மாவில்தான் காணாமல் போனான். சிக்னல் படை. நாற்பத்து மூன்றில் ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, காணவில்லை என்று. இறந்தான் என்று அதில் இல்லை. ஒன்பது வருடமாக அவளை யாரும் தாலியை எடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. சந்தாபுராவில் அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஈஜிபுராவில் தனியாக ஓர் ஓட்டு வீடு பிடித்தாள். நெசவு மில்லில் வேலை செய்யும், கர்ணன் வேஷம் கட்டும் இளங்கோவன் கல்யாணத்துக்கு இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறை சரி என்றாள்.

மறுநாள் பகலில் வேலைக்கு உட்கார்ந்தாள். தோலை உரித்தாள். கம்பியை அறுத்தாள். அளவு பார்க்க ஒரு வட்டத்தைக் காதில் வைத்தாள்.

மழை பெய்தது.

எடுத்தாள். வெளியே வெயில் சுட்டது. எதிர்வீட்டு அல்போன்சா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி வைத்தாள்.

அடர்ந்த இலைகளின்மேல் மழை. யாரோ சளி பிடித்த மூச்சு விட்டார்கள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. கேக்குதா?”

அறுந்த கம்பி அவள் மடியில் கிடந்தது.

“கேக்குதா? யார்னா இருக்கீங்களா?”

நாராயணசாமியின் குரல்.

முத்தம்மா அதைக் காதிலிருந்து எடுத்தாள். துளைகளில் பஞ்சை அடைத்தாள். மேலே மெழுகு ஊற்றினாள். மெழுகின்மேல் காக்காப்பொன் பதித்தாள். வேறு ஜோடி தேடி லாயத்துக்குப் போனாள். பாக்கியெல்லாம் லாரி ஏறிவிட்டது என்றான் கிளாரன்ஸ். இளங்கோவனிடம் அவள் சொல்லவில்லை. அவன் பேயை நம்பாதவன், சிரிப்பான். சிரிப்புக்கு அவள் பயப்படவில்லை. சொன்னால் தை மாதத்து மாலை நின்றுபோகும். நிறுத்துவது அவளாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம், அல்சூரில் நாடகம். திரைக்குப் பின்னால் அவளே குண்டலத்தைக் கட்டினாள்.

“பாரமா இருக்கு முத்தம்மா.”

“கர்ணன் தாங்கினாரே.”

“அவருக்குக் கூடவே பொறந்தது. எனக்கு நீ கட்டிவிட்டது.” சிரித்தான். பிறகு தலையைச் சாய்த்தான். “யாரோ பேசற மாதிரி இருக்கு.”

அப்போது அவிழ்த்திருக்கலாம்.

“பஞ்சு உரசுது,” என்றாள்.

தானம் கேட்கும் காட்சி. கிழப் பிராமணனாக மாறுவேடமிட்ட இந்திரன் வேஷத்தில் ரங்கா கை நீட்டினான். கவச குண்டலங்களைத் தந்தேன் என்று கர்ணன் சொல்லி, செம்பிலிருந்து நீர் வார்க்க வேண்டும். நீர் வார்த்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. மேடையானாலும் அதை நிஜ நீரால்தான் செய்வார்கள். அது அந்தக் குழுவின் வழக்கம்.

இளங்கோவன் ரங்காவைப் பார்க்கவில்லை. எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்லையென்று சொல்லி அறியேன்,” என்றான். அது வசனம்.

செம்பைத் தூக்கினான். ரங்காவின் கைக்கு ஒரு முழம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் நீரை வார்த்தான்.

“என் செவிகளைத் தந்தேன்.”

“டேய், வசனம் தப்புடா,” என்று ரங்கா முனகினான். கூட்டம் விசிலடித்தது. பக்கவாட்டில் நின்ற முத்தம்மா கீழே பார்த்தாள்.

வார்த்த நீர் மேடையில் விழவில்லை.

குண்டலத்தைக் கழற்றியபோது காதுகள் அப்படியே இருந்தன. அருகில் தட்டைப் போட்டு உடைத்தார்கள். அவன் திரும்பவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அன்றிரவே முத்தம்மா குண்டலத்தைச் சம்மட்டியால் நசுக்கி ஏரியில் போட்டாள். ஒன்றும் மாறவில்லை.

என்ன நடந்தது என்று அவள் ஸ்லேட்டில் எழுதிக் கேட்டாள். அவன் செவிடர்களைப்போல உரக்கப் பேசினான்.

“மேடையில நான் கர்ணன். ஒருத்தன் வந்து காதைக் குடுன்னு கேட்டா இல்லேன்னா சொல்றது? ரங்காதான் வசனத்த மாத்திட்டான்னு நெனச்சேன்.”

‘இப்போ கேக்குதா?’

“காதைக் கேட்டவர் பேச்சு மட்டும் கேக்குது. மழை கேக்குது.”

‘என்ன பேசறாரு?’

“ஒரே கேள்விதான். சந்தாபுராவுல வீடு பூட்டியிருக்காம். அவ இப்ப எங்க இருக்கான்னு கேக்கறாரு.”

முத்தம்மா முன்பு எழுதியதை அழித்தாள். பலகை முழுவதும் அடைத்துப் பெரிதாக எழுதினாள்.

‘சொல்லாதீங்க.’

அவன் தலையாட்டினான். “சொல்லமாட்டேன். உன்மேல சத்தியம்.”

தை மூன்றாம் தேதி ஐயரில்லாமல் மாலை மாற்றிக்கொண்டார்கள். வாழ்த்திப் பேசிய எதையும் மாப்பிள்ளை கேட்கவில்லை. முத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தான். அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாயசம் வைத்தார்கள். இனிமேல் சரியாகிவிடும் என்று முத்தம்மா தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

நான்காம் தேதி மத்தியானம் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தெருவில் யாருமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே இளங்கோவன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பேசிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் கத்திப் பேசியவன், இப்போது தாழ்ந்த குரலில்.

“அழாதீங்கண்ணே. அழாதீங்க. சொல்றேன்.”

குடம் இடுப்பில் வழுக்கியது.

“ஈஜிபுரா. கிணத்தத் தாண்டி ரெண்டாவது ஓட்டு வீடு.”

அவன் நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். கேட்டான்.

“வந்துட்டீங்களா?”

மறுபடி காதுகொடுத்துக் கேட்டான். அவன் திரும்பவே இல்லை.

“ஆமாண்ணே, அவதான். வாசல்ல நிக்கறது அவதான். உங்களுக்கு முன்னால.”