படையல் கிண்ணத்தில் தண்ணீர்

முன்னோருக்குப் படையலிடும் சூசோக் அறுவடைப் பண்டிகையின் விடியற்காலையில், இன்ஜா செய்யத் தகாத ஒரு செயலைச் செய்தாள். மாமியார் தம் கையாலேயே வடித்து வைத்திருந்த அரிசி மதுவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, பித்தளைக் கெண்டியில் கிணற்று நீரை நிரப்பினாள். தெளிந்த மதுவுக்கும் நீருக்கும் கண் வேறுபாடு காணாது, நாக்கு கண்டுவிடும்.

நாஜு ஊரின் பேரித் தோட்டங்களில் அறுவடை உச்சத்தில் இருந்தது. காகித உறை மாட்டிய பேரிக்காய்களை நாள் முழுதும் அண்ணாந்து பறித்ததில், அவள் கணவன் துசிக்கின் தோள் வீங்கிப் போயிருந்தது. வலிக்கு மாத்திரை, மாலையில் கூலியாட்களோடு மது, மறுநாள் தலைவலிக்கு மீண்டும் மாத்திரை. ஒரு மாதம் இப்படியே கழிந்தது. முந்தைய வாரம் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், கல்லீரல் புண்பட்டிருக்கிறது, இரண்டையும் இன்றோடு நிறுத்தாவிட்டால் உயிருக்கு உறுதியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். துசிக்கின் தந்தையும் கல்லீரல் கெட்டே மாண்டவர். ஆதலால், அம்மாவின் காதுக்கு இது எட்டவே கூடாதென்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஆனால் நேற்று, படையல் மதுவை மட்டும் குடிப்பேன் என்றான். முன்னோர் தொட்டுக் கொடுத்தது ஆசியே அன்றி மதுவாகாதாம். அதனால் கெடுதல் வராதாம். அவன் சட்டைப்பையிலோ, அப்பொழுதும் மாத்திரை அட்டை சலசலத்தது.

அரிசிக் கொழுக்கட்டையும் பேரிக்காயும் படைக்கப்பட்டன. துசிக்கும் அவன் தம்பி துமானும் கெண்டியிலிருந்து வார்த்து, தந்தையின் படத்தின் முன் இருமுறை விழுந்து வணங்கினர். பின்னர் மூத்த மகன் முதற் கிண்ணத்தை அருந்தினான். அவன் கண்கள் ஒரு கணம் மனைவியின் பக்கம் திரும்பின... நீரென்று தெரிந்தும் விழுங்கினான்.

இரண்டாம் கிண்ணம் மாமியார் போங்னேயின் கைக்குச் சென்றது. ஒரு வாய் பருகியவரின் முகம் சிவந்தது.

"இது தண்ணி! வருஷத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வர்ற மனுசனுக்கு வெறும் தண்ணியா வைக்கிறது? யாருடி செஞ்சது?"

"நான்தான் அத்தை."

"ஏன்?"

இன்ஜா தலைகுனிந்தாள். கணவனுக்குச் செய்த சத்தியத்தை அவள் மீறவில்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது.

சகுனத்தைச் சரிசெய்வதாக எண்ணிய துமான், சோஜு சாராய பாட்டிலைத் திறந்து அண்ணனின் கிண்ணத்தை நிரப்பினான். "குடிண்ணே. அண்ணிக்கு நம்ம அப்பான்னா எப்பவுமே இளக்காரம்தான்" என்று குத்தலும் சேர்த்தான். துசிக்கின் கை நீண்டது. அக்கணமே இன்ஜா பாய்ந்து, கிண்ணத்தின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். மது அவள் விரலிடுக்கில் வழிந்தது.

போங்னே கத்தினார்: "செத்தவருக்குந்தான் குடுக்கல, உயிரோட இருக்குறவனையும் தடுக்குறியா? இருபத்திரெண்டு வருஷம் இந்த வீட்டுச் சோத்தத் தின்னியே... போடி, உன் அம்மா வீட்டுக்கே போயிடு."

இன்ஜா கணவனைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும். அவன் தரையையே பார்த்திருந்தான். அவள் சமையல் மேலங்கியை அவிழ்த்து மடித்து வைத்தாள். "அந்தக் கிண்ணத்த மட்டும் எடுக்காதீங்க" என்று அவனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

அவள் படலைத் தொட்ட நேரத்தில், துசிக் துள்ளி எழுந்து கொட்டகைக்கு ஓடினான். பேரிக்காய்க்கு மாட்டும், புடைத்து நின்ற காகித உறையொன்றைத் தூக்கி வந்து, தந்தையின் படத்தின் முன் கொட்டினான். காலி மாத்திரை அட்டைகள் கலகலவெனச் சிதறின.

"எல்லாம் நான் முழுங்குனது, அம்மா. சாராயத்தோட சேத்து முழுங்குனேன். ஈரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இவ வாயக் கட்டிப்போட்டதும் நான்தான். அப்பாவோட ஆசின்னு சொல்லி... அப்பா போன வழியிலேயே போகப் பாத்தேன்."

துமான் பாட்டிலை மெதுவாக மூடினான்.

போங்னே அட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் வெறுங்காலுடன் முற்றத்தில் ஓடி, மருமகளின் ஈரக் கையைத் தம் மார்போடு அழுத்திக்கொண்டார்.

"அவரு கிண்ணத்த நான் ஒருநாளும் மூடலையேடி... மருமகளா இருந்து நீ மூடிட்டே. என் பிள்ளையக் காப்பாத்துன கைய நானே வெளிய தள்ளுனேனே..."

இருவரும் படலருகே நின்று அழுதனர். உள்ளே வந்ததும் போங்னே கணவரின் கிண்ணத்தை எடுத்து, பித்தளைக் கெண்டியிலிருந்து தாமே நீரை வார்த்துப் படத்தின் முன் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் படத்தைப் பார்த்து. "இனிமே இந்த வீட்டுல உங்களுக்கும் தண்ணிதான்."