ஆழத்தம்மா கையில் ஆந்தை

வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. கருமலையான் வரவில்லை!

புன்னைவலசைக் கடற்கரையில் பாசி எடுக்கக் கிளம்பிய பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை அப்படியே நின்றது. நம்புநாயகி தண்ணீருக்குள் ஓடிப்போய் வள்ளத்தைப் பிடித்து இழுத்தாள். உள்ளே அவளுடைய அண்ணன் கருமலையானின் சட்டை கிழிந்து கிடந்தது. பலகை முழுக்க ரத்தம். ரத்தத்துக்கு நடுவே ஒரு பல்!

மற்றவர்கள் அலறினார்கள். நம்பு பல்லை எடுத்துப் பார்த்தாள். மூலை உடைந்த முன்பல். சின்ன வயதில் அவளே கல்லெறிந்து உடைத்தது. அடையாளம் தெரியாமல் போகுமா? அதை இடுப்புத் துணியில் இறுக்கி இறுக்கி முடிந்துகொண்டாள். பயத்தால் பாதி, கோபத்தால் பாதி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஆழத்தம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொக்குத்தீவுக்குத் தெற்கே, நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழத்தில், பவளப் பாறைகளுக்கு நடுவே நிற்கிறாள் அவள். புன்னைவலசைக்கே குலதெய்வம். ஆனால் ஊரில் ஒருவரும் அவளைக் கண்ணால் பார்த்ததில்லை! வருடம் ஒருமுறை நம்புவின் வீட்டார்தான் முழுகிப்போய்ப் பூ வைப்பார்கள். ஒரு வருடம் ஆண், மறுவருடம் பெண். முழுகுகிறவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் தடவித்தான் அம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும். கண் திறந்து பார்த்தால் பார்வை போய்விடும் என்பது பேச்சு. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. யாருக்குக் கண் வேண்டாமென்று இருக்கிறது?

போன கார்த்திகைப் புயல் அந்த இடத்து மணலையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அடுத்து வந்த பூசையில் முழுகியவன் கருமலையான். அதுவரை மணலில் புதைந்திருந்த அம்மாவின் இடது உள்ளங்கையில் புதிதாக ஒரு பறவை தட்டுப்பட்டது! கிளியோ என்று ஆட்டிப் பார்த்தான். கையோடு வந்துவிட்டது. மேலே வந்து கண்ணைத் திறந்தால், வெண்கல ஆந்தை!

ஆந்தை கூரையில் உட்கார்ந்தாலே பரிகாரம் தேடுகிற ஊர் அது. அம்மன் கையிலேயே உட்கார்ந்திருந்தால் விடுவார்களா? எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. பழைய இரும்பு வாங்க வந்த சைக்கிள்காரனிடம் அதைத் தள்ளிவிட்டு, ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டான் கருமலையான். பீடையும் ஒழிந்தது, வாளியும் வந்தது என்று அவனுக்கு இரட்டைச் சந்தோஷம்.

இப்போது அதற்கு விலையாகப் பல் போயிருக்கிறது.

"நம்பு! இதப் பாரு!" என்று மணலில் இடறி இடறி ஓடிவந்தாள் தாஹிரா. கீழக்கரைப் பெண். பழைய யவனக் கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு வாரமாக நம்பு வீட்டில்தான் தங்கியிருந்தாள். கைபேசியில் அதே ஆந்தையின் படம்!

"அந்தச் சைக்கிள்காரன்கிட்ட வாங்கி, இத வெளிநாட்டுல விக்கப் போட்டிருக்கான் துரைசிங்கம்னு ஒருத்தன். புன்னைவலசைக் கடல்ல கெடச்சதுன்னு அவன் எழுதினதப் பாத்துட்டுத்தான் நான் உங்க ஊரைத் தேடி வந்தேன். இப்பப் புதுசா எழுதியிருக்கான். ஆந்தை வெச்சிருந்த சிலையும் இன்னைக்குக் கைக்கு வந்துருமாம்!"

"அப்ப எடத்தைக் காட்டச் சொல்லித்தான் அண்ணனைத் தூக்கிட்டுப் போயிருக்கானா?"

"காட்டினதுக்கப்புறம் உயிரோட விடுவான்னு எனக்குத் தோணல, நம்பு."

போலீசுக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் வந்து சேர மத்தியானம் ஆகும் என்றார்கள். அதுவரை கருமலையான் தாங்குவானா? நம்பு தன் பாசிச் சுரண்டியை இடுப்பில் செருகினாள். வளைந்த இரும்பு, நுனி கூர். பெண்களைத் தீவுகளுக்கு ஏற்றிப்போகும் வள்ளக்காரர் இன்னாசி, அதற்குள் இன்ஜினைக் கிளப்பியிருந்தார்.

"ஏறு தாயி! அவன் என் கூட்டாளி. பேசிக்கிட்டு நிக்கிற நேரமா இது?" என்றார். கழுத்துச் சிலுவையை ஒருமுறை முத்தமிட்டுக்கொண்டார்.

தாஹிராவும் தாவி ஏறினாள். "எனக்கு நீச்சல் தெரியாது. சும்மா சொல்லி வைக்கிறேன்!"

வள்ளம் அலைகளைக் குத்திக்கொண்டு பாய்ந்தது. போகிற வழியில் தாஹிரா கேட்டாள். "நீ தடவிப் பாத்திருக்கேல்ல, அம்மா எப்படி இருப்பா?"

"தலையில கிரீடம் மாதிரி, ஆனா காதெல்லாம் மூடியிருக்கும். வலது கையில வேலு. நெஞ்சுல நாக்கைத் தள்ளிக்கிட்டு ஒரு முகம். அதோட முடியெல்லாம் பாம்பு. காளியோன்னு நெனப்போம்."

"அது தலைக்கவசம், நம்பு! அவ பேரு அதீனா. கப்பல்ல இங்க வந்த யவனரோட போர்த் தெய்வம், அறிவுக்கும் அவதான். பழைய பானைகள்ல இதே மாதிரி வரைஞ்சு வெச்சிருக்காங்க. வேலு, பாம்பு முகம், பக்கத்துல ஆந்தை! ஆந்தை அவளோட செல்லம். அவ ஊர்ல கோயிலெல்லாம் இடிஞ்சு ரொம்பக் காலமாச்சு. இப்பத்தான் கொஞ்சப் பேர் திரும்பக் கும்பிட ஆரம்பிச்சிருக்காங்க. விடாமக் கும்பிட்டுக்கிட்டு இருந்தது, எனக்குத் தெரிஞ்சு, நீங்க மட்டும்தான்!"

நம்பு தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா ஆசையாய் வைத்திருந்த குஞ்சைப் பிடுங்கி, ஒரு வாளிக்கு விற்றுவிட்டோமே!

கொக்குத்தீவின் மறைவில் இன்ஜினை நிறுத்தித் துடுப்புப் போட்டார் இன்னாசி. பாறைக்குப் பின்னாலிருந்து மூவரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மன் நிற்கும் பாறைக்கு மேலேயே நின்றது ஒரு விசைப்படகு. கம்பத்தில் கருமலையானைக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடிப் போயிருந்தது. வலது கை விரல்கள் சிதைந்து தொங்கின. சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், பாவிகள்! நாட்டுத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் துரைசிங்கம். அவனுடைய டிரைவர், கம்ப்ரசரிலிருந்து கடலுக்குள் போகும் காற்றுக் குழாயை விட்டுக்கொண்டிருந்தான். கீழே ஒரு முக்குளிப்பவன் வேலை செய்கிறான் என்று அர்த்தம். குழாயோடு ஒரு மெல்லிய கம்பியும் தண்ணீருக்குள் இறங்கியது.

இன்னாசியின் முகம் கறுத்தது. "வெடி! படகுல பொத்தானை அமுக்கினா கீழ வெடிக்கும். பாறையைப் பேத்து அம்மாவைத் தூக்கப் போறான். அது முடிஞ்சா கருமலையானும் முடிஞ்சான்."

"நான் கீழ போறேன்" என்றாள் நம்பு. "அவங்க படகுக்குப் பின்னாடி என் கை தெரிஞ்சதும், வள்ளத்தை நேரா அவன் மேலயே விடுங்கண்ணே!"

"துப்பாக்கி வெச்சிருக்கான், புள்ள."

"ஒரு குண்டுதான் போட முடியும். மறுபடி மருந்தைக் கெட்டிக்கணும்ல!"

அந்த ஒரு குண்டு யார் மேல் படும் என்று யாரும் கேட்கவில்லை. நம்பு மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு முழுகினாள்.

கீழே ஒரே கலங்கல். முக்குளிப்பவன் தோண்டியதில் மணல் கிளம்பி, எதிரே இருக்கும் தன் கையே தெரியவில்லை. அவன் நெற்றி விளக்கு மஞ்சளாய் மங்கித் தெரிந்தது. கண் இருந்தும் குருடன் அவன்! நம்புவுக்கோ இது பழகின இடம். வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதோ மடிப்பு மடிப்பாய் மூளைப்பாறை. இதோ சந்து. இதோ வேலின் தண்டு! கை வழுக்கி இறங்கியது. கவசம். பாம்பு முகம். பாதம். பாதத்துக்குக் கீழே புதிதாக ஒரு பொட்டலம், அதில் கம்பி.

அதைப் பிடுங்கும்போது கம்பி முக்குளிப்பவன் கையில் இழுபட்டுவிட்டது. அவன் திரும்பினான். மீன்குத்தும் துப்பாக்கியை அந்தத் திக்கில் குத்துமதிப்பாக விட்டான். கூர்முனை நம்புவின் தொடையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. உயிர் போகிற வலி! வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடும். அவள் பல்லைக் கடித்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, காற்றுக் குழாய் குமிழி விடும் சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டினாள். குழாய் கையில் அகப்பட்டது. சுரண்டியால் ஒரே இழுப்பு! குழாய் அறுந்து பாம்பாய்த் துள்ளியது.

அவன் விடவில்லை. அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பாறையில் மோதினான். நெற்றி பிளந்தது. இரண்டாவது முறை மோதுவதற்குள் நம்பு சுரண்டியைத் திருப்பி அவன் முகமூடியில் குத்தினாள். கண்ணாடி உடைந்து கன்னத்தில் இறங்கியது. பிடி விட்டது. அவன் எடைக்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ரத்தம் கக்கிக்கொண்டு மேலே பாய்ந்தான்.

நம்புவின் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. பொட்டலத்தை எங்கே போடுவது? கம்பியை அறுத்தால் அப்போதே வெடித்துவிட்டால்? கம்பி போகும் தூரம்தானே போக முடியும்! அவள் அதை அணைத்துக்கொண்டு மேலே ஏறி, விசைப்படகின் சுக்கானுக்கு அடியில் இடுப்புத் துணியால் இறுகக் கட்டினாள். அதற்கு முன்பே அண்ணனின் பல்லை மட்டும் அவிழ்த்து வாய்க்குள் அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, ஒரு வாய் காற்றை அள்ளிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

வள்ளம் சீறிக்கொண்டு வந்தது! படகின் மறுபக்கம், மேலே வந்த முக்குளிப்பவனை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மோதியே விட்டது. விசைப்படகின் பலகைகள் நொறுங்கின. தாஹிரா வள்ளத்தின் முன்முனையில் நின்று நங்கூரத்தைச் சுழற்றி வீசினாள். அது படகின் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. "இன்னாசிண்ணே, பிடிச்சாச்சு!"

டுமீல்! இன்னாசியின் தோளில் சதை பிய்ந்து தெறித்தது. அவர் விழவில்லை. "ஏசுவே!" என்று கத்திக்கொண்டே, மற்றக் கையால் துடுப்பை வீசி டிரைவரின் முழங்காலில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் கடலில் சரிந்தான். முக்குளிப்பவன் அவனைத் தாங்கிக்கொண்டு தீவுப் பக்கம் நீந்தத் தொடங்கினான்.

நம்பு பின்பக்கமாக ஏறி அண்ணனின் கட்டை அறுத்தாள். துரைசிங்கம் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் அவள் முதுகில் ஓங்கி அடித்தான். அவள் குப்புற விழுந்தாள். கழுத்தில் காலை வைத்து மிதித்தான். அவன் கணுக்காலில் சுரண்டியை இறக்கினாள் நம்பு. அவன் ஊளையிட்டுத் துள்ளியதில் தோள்பை அறுந்தது. உள்ளேயிருந்து ஏதோ உருண்டு கருமலையானின் காலடியில் வந்து நின்றது.

வெண்கல ஆந்தை!

கருமலையானுக்கு வலது கை போயிருந்தது. இடது கை இருந்ததே! ஆந்தையை எடுத்தான். "என் தங்கச்சியையா மிதிக்கிற?" என்று துரைசிங்கத்தின் முகத்தில் ஓங்கி அடித்தான். மூக்கு மடங்கி உள்ளே போயிற்று. இன்னொரு அடி! தாடை திரும்பியது. அபசகுனம் என்று ஊர் தூக்கிப் போட்ட பறவை, அன்றைக்கு ஆளைப் பார்த்துத்தான் இறங்கியது.

"போதும்ண்ணே, குதி!"

ஆந்தையை இடுக்கிக்கொண்ட அண்ணனும் தங்கையும் வள்ளத்தில் விழுந்தார்கள். தாஹிரா நங்கூரக் கயிற்றை அறுத்தாள். இன்னாசி ஒற்றைக் கையால் இன்ஜினை இழுத்தார். வள்ளம் விலகிப் பாய்ந்தது.

துரைசிங்கம் தள்ளாடி எழுந்தான். முகம் முழுக்க ரத்தம், கையில் பொத்தான் பெட்டி. "எனக்குக் கெடைக்காத சாமி உங்களுக்கும் வேண்டாம்டா! உங்க ஆத்தா தூளாகப் போறா, பாருங்க!"

நம்பு வள்ளத்தில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். "டேய், அமுக்காத! வெடி உன் படகுக்கு அடியிலதான் கெடக்கு! சத்தியமாச் சொல்றேன், அமுக்காத!"

அவன் சிரித்தான். பொய் சொல்லியே பிழைத்தவனுக்கு அடுத்தவர் சொல்வதும் பொய்யாகத்தான் படும். அமுக்கினான்.

படகு இரண்டாகப் பிளந்து எழும்பியது. டீசல் தொட்டி தீப்பிழம்பாக வெடித்தது. எரியும் பலகைகள் வள்ளத்தைச் சுற்றி விழுந்தன. புகை விலகியபோது துரைசிங்கம் இருந்த இடத்தில் எண்ணெயும் நுரையும்தான் மிதந்தன. வள்ளத்தில் யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. நம்பு வாயிலிருந்த பல்லைத் துப்பி அண்ணனிடம் நீட்டினாள். "இந்தா, உன் சொத்து." அவன் சிரிக்கப் பார்த்து, வாயில் ஓட்டையோடு ஓவென்று அழுதான். அவளும் அவன் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் வந்த போலீஸ், தீவிலிருந்து மற்ற இருவரையும் பிடித்துப்போனது. வள்ளம் கரை சேர்ந்தபோது புன்னைவலசையே கடலுக்குள் இடுப்பளவு இறங்கி நின்றது. குலவைச் சத்தத்தில் இன்னாசிக்குத் தோள்வலி மறந்தே போய்விட்டதாம்!

சிலையைக் கரைக்குக் கொண்டுவருவதா, அங்கேயே காவல் போடுவதா என்று அதிகாரிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆந்தை அத்தாட்சிப் பொருளாகப் போய்விட்டது. தாஹிரா நடையாய் நடந்து அதை மீட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த பூசை நம்புவின் முறை. தொடைத் தழும்போடு முழுகினாள். கண்ணை இறுக மூடியபடியே அம்மாவின் உள்ளங்கையைத் தேடினாள். நடுவே ஒரு சின்னக் குழி. ஆந்தையின் காலடி முளை அதில் பொருந்தி, அசையாமல் உட்கார்ந்தது. தாய் மடியில் பிள்ளையை வைத்ததுபோல இருந்தது நம்புவுக்கு. நாம் பீடை என்று ஒதுக்குவது இன்னொருத்திக்குச் செல்லமாக இருக்கும் என்று அவள் புரிந்துகொண்டது, இப்படி அடிபட்டுத்தான்.

நம்பு மேலே வந்ததும் வள்ளத்திலிருந்து தாஹிரா ஆவலாய்க் குனிந்தாள். "ஒரு தடவையாவது கண்ணைத் தொறந்து பாத்தியா, நம்பு?"

"ம்ஹூம். அதான் ஆந்தை இருக்குல்ல அக்கா. அது முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும்!"

இப்போதெல்லாம் புன்னைவலசையில் ஆந்தை அலறினால் யாரும் கல்லைத் தேடுவதில்லை. அம்மாவுடைய ஆள் வந்திருக்கிறது என்று விளக்கைக் கொஞ்சம் தணித்து வைக்கிறார்கள். பூசைக்குப் பூவும் தேங்காயும் வள்ளத்துக்குப் போவது எதில் தெரியுமா? கருமலையான் ஒற்றைக் கையில் தூக்கிவரும் அந்தப் பச்சை பிளாஸ்டிக் வாளியில்தான்.