தேய்க்கக் கூடாத கறை

அம்மாவுக்கு லாண்டரியில் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகளில் மை, காபி, எண்ணெய் என்று எது கொட்டியிருந்தாலும் அவளிடம்தான் வரும். காயவிட்டால் கறை ஜெயித்துவிடும் என்பாள். அதனால் அந்த வீட்டில் எந்தக் கறையையும் காயவிட மாட்டார்கள். கண்ணில் பட்டதும் சோப்பு, பிரஷ், தேய்.

மூத்தவளுக்குப் பள்ளியில் வைத்த பெயரே 'சோப்பு'தான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தம்பி வாண்டு, தெரு அணியின் கோல்கீப்பர். ஒருநாள் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தான். பந்து கோலுக்குள் போய்விட்டது. முழங்கால் கிழிந்ததுதான் மிச்சம். அம்மா வேலையில் இருந்ததால் சோப்புதான் காயத்தைக் கழுவி மண்ணை எடுத்தாள்.

அதுவரை சரி. மறுநாள் காயத்தின் மேல் பழுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அவள் கண்ணுக்கு அது காய்ந்துபோன கறை. பிரஷை எடுத்தாள். வாண்டு போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் அதே கூத்துதான். பொருக்குக் கட்டும், அவள் தேய்த்து எடுப்பாள். முழங்கால் சிவந்து வீங்கியது. மஞ்சளாக நீர் வடிந்தது. மாதக் கடைசியில் பக்கத்துத் தெருவோடு போட்டி. அதற்குள் கால் மடங்காவிட்டால் நெட்டையனைக் கோலில் நிறுத்தப்போவதாக அணித்தலைவன் சொல்லிவிட்டான். நெட்டையன் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

வாண்டு அதைச் சொல்லி அழுதான். சோப்பு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஒரு மாலை அவள் பிரஷை நனைத்ததும் வாண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"டேய், வெளியே வா."

"வரமாட்டேன். அம்மா விரிப்பைக்கூட இவ்வளவு தேய்க்க மாட்டாங்க."

சோப்புக்குச் சுருக்கென்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து உள்ளே பார்த்தாள். முழங்கால் முகத்துக்கு நேராக இருந்தது. தேய்க்கும்போதெல்லாம் வாண்டு காயத்தின் கீழ் ஓரத்தைக் கையால் மூடிக்கொள்வான். பிரஷ் அங்கே போனதே இல்லை. அந்த ஓரத்தில் மட்டும் பொருக்கு தானாக உதிர்ந்து, இளஞ்சிவப்பில் புதுத்தோல் வந்திருந்தது.

அவள் பாடுபட்ட இடம் புண். தொடாத இடம் குணம்.

பிரஷை வாளியில் போட்டாள். தம்பியை நடத்திக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போனாள்.

நர்ஸ் காயத்தைப் பார்த்துவிட்டு எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். வாண்டு அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. கீழே விழுந்ததாகச் சொன்னான். தினமும் அதே இடத்தில் விழுந்தாயா என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான் தேய்ச்சேன். கறைன்னு நினைச்சேன்" என்றாள் சோப்பு.

நர்ஸ் திட்டவில்லை. சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றியபடியே விஷயத்தைச் சொன்னார். தோல்தான் உடம்பின் சுவர். அது கிழிந்தால் கிருமி நுழையும். உடனே அங்கே ரத்தம் கூடுதலாக ஓடிவரும். சிவப்பும் சூடும் வீக்கமும் அதனால்தான். ரத்தத்தில் வரும் வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கும். விழுங்கிவிட்டுச் செத்தும்போகும். சீழில் இருப்பது பெரும்பாலும் அந்த அணுக்கள்தான். பொருக்கு என்பது கிழிந்த சுவருக்குப் போட்ட தற்காலிகக் கதவு.

தினமும் கதவைப் பிடுங்கியது யார் என்று சோப்புக்குப் புரிந்தது.

"விழுங்கணும்னு அதுங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?" என்று வாண்டு கேட்டான்.

"யாரும் இல்லடா. பிறக்கும்போதே தெரியும். முன்னப்பின்ன பார்க்காத கிருமியா இருந்தாலும் பாயும்" என்றார் நர்ஸ்.

"ஸ்கூலுக்கே போகாமலா?"

அவன் முகத்தில் அப்படி ஒரு பொறாமை.

கழுவலாம், தேய்க்கக் கூடாது. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும் என்று சொல்லி, நர்ஸ் மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்.

சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது பொருக்கு நன்றாகக் கட்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அவள் கை தன்னால் பிரஷை எடுத்தது.

"அம்மா, கீழ வை" என்றாள் சோப்பு. "உள்ள வேலை நடக்குது."

போட்டியில் வாண்டுதான் கோலில் நின்றான். கடைசிப் பந்துக்குப் பாய்ந்து பிடித்தான். இந்த முறை இன்னொரு முழங்கால் கிழிந்தது. பந்தை விடாமல் நொண்டிக்கொண்டே வந்து அக்கா முன்னால் காலை நீட்டினான்.

சோப்பு தண்ணீர் ஊற்றி, மண் போகிறவரை மெதுவாகக் கழுவினாள்.

"அவ்வளவுதானா?" என்றான் வாண்டு.

"என் வேலை அவ்வளவுதான்" என்றாள் அவள்.