அளவு தப்பிய நான்கு கதவுகள்

எங்கள் மாடி அறையைப் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோவாக மாற்றியதில் எனக்கும் பெரிய பங்கு உண்டு. அதில் கொஞ்சம் இன்னும் என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்டூடியோ சித்தியுடையது. மைக், ஹெட்போன், கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. மர வேலை அப்பாவுடையது. பசை தடவுவது நான். வீட்டில் என்னை ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்பது அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

“சுவர்ல அங்கங்க ஸ்பாஞ்ச் ஒட்டினா போதும். அப்பத்தான் பாட்டு எதிரொலிக்காது” என்று சொல்லிவிட்டு, சித்தி வயர் வாங்கக் கடைக்குப் போனார்.

ஒட்டினோம். ஒரு மூட்டை மிச்சம்.

“மீந்துபோச்சேப்பா!”

“வீணாக்குவானேன்? ஒட்டு!”

நான்கு சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் ஒட்டினோம். சுவிட்ச் மேலேயும் ஒட்டிவிட்டு, சுவிட்சைக் காணோம் என்று அரை மணி நேரம் தேடினோம்.

திரும்பி வந்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டார். “மாமா, அறை கட்டினீங்களா, மெத்தை தைச்சீங்களா?”

ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தார். சுவரும் சேர்ந்து வந்தது. அப்பாவின் பசை அப்படி.

மறுநாள் காலை முதல் பாடகி வந்தார். அடுத்த தெருத் தையல்கார அக்கா. மெஷினை மிதித்துக்கொண்டே சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவார். வழியில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவரைச் சம்மதிக்க வைக்கவே சித்திக்கு ஒரு மாதம் ஆனது.

“ஒரு தடவை பாடறேன். நல்லா வரலைன்னா, இனிமே பாட்டுப் பக்கமே வர மாட்டேன்” என்றார் அக்கா.

இரண்டு வரி பாடினார். நின்றார்.

“என்னங்க இது? குரல் வாயை விட்டு வந்ததும் காணாமப் போயிடுது!”

சித்தி ஏதோ பொத்தானைத் திருகி, ஹெட்போனில் எதிரொலி சேர்த்துக் கொடுத்தார்.

“ஐயோ, இப்ப யாரோ கிணத்துக்குள்ள இருந்து பாடறாங்க!”

மூன்றாவது முறை அக்காவின் குரல் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தார். “எனக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க. சட்டைக்குப் பொத்தான் வைக்கிற வேலை கிடக்கு. வரேன்.”

ஒட்டியது நானல்லவா? பின்னாலேயே ஓடினேன்.

வெளியே நடையில், சுவரில் சாய்த்து நான்கு மரக் கதவுகள் இருந்தன. வீட்டு அலமாரிக்காக அப்பா செய்தவை. இரண்டு விரல் அகலம் அதிகம். அளவெடுத்ததும் அப்பாதான்.

அக்கா அந்தக் கதவுகளின் பக்கம் குனிந்து, செருப்பு மாட்டியபடி தன்னையறியாமல் முணுமுணுத்தார். அதே பாட்டு! குரல் கணீரென்று வந்தது.

நான் கதவுகளின் முன்னால் கைதட்டிப் பார்த்தேன். ‘டப்!’ ஸ்டூடியோவுக்குள் ஓடித் தட்டினேன். ‘புஸ்.’

“அக்கா! ஒரு நிமிஷம்! செருப்பு போடாதீங்க!”

நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

“அப்பா, அந்தக் கதவையெல்லாம் உள்ள தூக்கணும்!”

“அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறே?”

“அதுக்கு வேலை வந்திருக்குப்பா!”

தூக்கினோம். மைக்கைச் சுற்றி வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு எனச் சாய்த்து வைத்தோம். சித்தி நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். புருவம் நெற்றிக்கு ஏறியது.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். “உங்க குரல் மேல தப்பே இல்லக்கா. ஸ்பாஞ்சை மிச்சம் வைக்காம ஒட்டினது நான்தான். உங்க பாட்டை அதுதான் முழுங்கிடுச்சு.”

அக்கா என் தலையைப் பார்த்தார். “முடியிலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கே!” என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பே கதவுகளில் பட்டு அழகாகத் திரும்பி வந்தது.

பாடினார். இரண்டாவது வரியிலேயே அவருடைய வெறும் கால் இல்லாத மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். முழுசாக நான்கு நிமிடம்! அங்கே இல்லாத யாரும் இதுவரை நம்பவில்லை.

பாட்டு முடிந்ததும் அக்கா மெதுவாகக் கேட்டார்: “இன்னொரு பாட்டு இருக்கு. பாடட்டுமா?”

“நான் அப்பவே யோசிச்சுத்தான் பெருசா அறுத்தேன்” என்றார் அப்பா.

அலமாரிக்கு இன்னும் கதவு இல்லை. அப்பா அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்தால் போதும், “தப்பாவே எடுங்க மாமா, இன்னும் ரெண்டு வேணும்” என்கிறார் சித்தி.