மூன்றாம் கம்பத்துக் கழுகு

மூன்றாம் கம்பத்துக் கேமரா தினமும் உச்சிப்பொழுதில் ஒரு கழுகைக் காட்டியது. அங்கே போய் நின்று பார்த்தவர்கள் யாரும் கழுகைக் கண்டதில்லை.

எப்சிபாவுக்கு ஒரு வாரமாக இது பிடிபடவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் இருந்தது அவளுடைய ஆய்வு அலுவலகம். அவளும் அவள் கணவன் பிரின்ஸும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். குருவிகுளத்துக்கு அப்பால், கரிசல் காட்டில், புதிதாகக் காற்றாலைகள் நடப்போகிறார்கள். அனுமதி கொடுக்கும் முன் கழுகுகள் எங்கே பறக்கின்றன என்று வரைபடம் போட வேண்டும். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கழுகு வரும் கட்டத்துக்குச் சிவப்பும் வராத கட்டத்துக்குப் பச்சையும் தீட்ட வேண்டும். பச்சையில் காற்றாலை நடலாம். சிவப்பில் கூடாது.

முதுகில் தீப்பெட்டியளவு கருவி கட்டிய ராஜாளிக் கழுகுகள் தாம் போகும் இடத்தையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் தடங்கள் காடு முழுக்கச் சிக்குநூலாகக் கிடந்தன, மூன்றாம் கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தவிர. அந்த வட்டத்துக்குள் எலி இருந்தது, ஓணான் இருந்தது, சிறகடிக்காமல் ஏறிப்போக வெப்பக்காற்றும் இருந்தது. ஆனாலும் ராஜாளிகள் விளிம்பு வரை வந்து, சுவரில் முட்டியதுபோலத் திரும்பிப் போயின.

தடங்களைப் பார்த்தால் வட்டம் பச்சை. கேமராவைப் பார்த்தால் சிவப்பு. மாலைக்குள் வரைபடத்தை அனுப்ப வேண்டும். கேமரா பழுது என்று எழுதி, மாற்றச் சொன்னது எப்சிபாதான்.

"நானே போய் மாத்திட்டு வாரேன்," என்று காலையில் தோசையைப் பிய்த்தபடி பிரின்ஸ் சொன்னான். "ஒரு ஓட்டக் கேமராவுக்காகத் தூங்காம கெடக்க."

"உச்சிக்கு முந்தித் திரும்பிருங்க."

"ஏன், முனி அடிச்சிருமா? ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ பேசுத பேச்சாட்டி இது."

அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது அலுவலகத்தில் அவள் மட்டும் இருந்தாள். கீழே தறிகள் தடதடத்தன. தரை வழியாக அந்த அதிர்வு ஏறி, மேசையில் இருந்த தேநீரில் வளையம் வளையமாக நடுங்கியது. கஞ்சிப் பசையும் எண்ணெயும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்தது. அவள் கேமராவின் வேலையை மறுபடி ஆதியிலிருந்து யோசித்தாள்.

கேமராவுக்கு ஒற்றைக் கண். ஒற்றைக் கண்ணால் தூரத்தை நேரடியாக அளக்க முடியாது. அதனால் அளவைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ராஜாளி இறக்கையை விரித்தால் இவ்வளவு அகலம். புளியங்குடி சாலையில் எறும்பு மாதிரி ஒரு பஸ் தெரிந்தால் யாரும் அதைப் பொம்மை என்று நினைப்பதில்லை. பஸ்ஸின் அளவு நமக்குத் தெரியும், அதனால் தூரத்தில் வருகிறது என்கிறோம். கேமராவும் அப்படித்தான். படத்தில் சிறிதாகத் தெரிந்தால் கழுகு தூரத்தில் இருக்கிறது. பெரிதாகத் தெரிந்தால் பக்கத்தில்.

கம்பத்துக்கு நேர் மேலே, ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு கழுகு என்றது முதல் நாள். பிறகு ஒவ்வொரு உச்சியிலும் எண் குறைந்துகொண்டே வந்தது. நேற்று முப்பது.

தறிகள் நின்றன. சாப்பாட்டு நேரம். ஓட்டுக்கூரை வெயிலில் நெட்டி முறிக்கும் சத்தம்கூடக் கேட்கும்படியாக ஒரு அமைதி வந்து அறையில் உட்கார்ந்தது. அந்த அமைதியில் போன் அடித்தது.

"குருவிகுளத்துல பங்சரு. இப்பதான் வந்து சேந்தேன்," என்றான் பிரின்ஸ். "கேமரால ஒரு கொறையும் இல்ல பாத்துக்கோ. கண்ணாடி மாதிரி இருக்கு."

அவன் குரலுக்குப் பின்னால் ஹூம் என்று ஒரு சத்தம் காற்றை ஒதுக்கிக்கொண்டு வந்து போனது. ஓர் இடைவெளி. மறுபடி ஹூம். காற்றாலைகளுக்கு அடியில் நின்று பழகிய காதுக்கு அது புதிதில்லை.

"ரொம்ப வெயிலா?"

"வெயிலா? நிழலுட்டி. மேகம் ஒண்ணு நிக்குது, குளுகுளுன்னு இருக்கு. ஆடெல்லாம் இங்கனதான் படுத்துக் கெடக்கு. ஒண்ணும் மேயல. வாத்தியார்ட்ட அடி வாங்குன பிள்ளைய மாதிரி தலையக் கவுத்திருக்கு."

மேகம் நிற்கிறதா?

எப்சிபா ஜன்னலைப் பார்த்தாள். ஆடித்தபசு முடிந்து ஒரு வாரம். மேல்காற்று கொடியில் கிடந்த சேலைகளைப் பிடுங்கியது. மலைப்பக்கமிருந்து வந்த மேகங்கள் தம் நிழலைக் கூரை கூரையாக இழுத்துக்கொண்டு கிழக்கே ஓடின. ஒன்றுகூட நிற்கவில்லை.

நான்காம் கம்பம் பல வயல்களுக்குக் கிழக்கே இருந்தது. அந்தக் கேமராவும் உச்சிநேரத்தில் ஒரு கழுகைப் பார்த்திருந்தது. மேற்கே, இருநூறு மீட்டரில். அதை வேறொரு கழுகு என்று எண்ணி அவள் தனியாகப் பதிந்திருந்தாள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருந்தன. ஒரே நேரத்தில் போயிருந்தன. தினமும்.

மூன்றாம் கம்பத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்தாள். நான்காம் கம்பத்திலிருந்து, அந்தக் கேமரா பார்த்த திசையில், இன்னொரு கோடு. இரண்டு கழுகுகள் என்றால் இரண்டு கோடுகளும் தொட வேண்டியதில்லை.

தொட்டன. மூன்றாம் கம்பத்துக்கு மேலே. மேகங்கள் போகும் உயரத்தில்.

ஒரே பறவை.

தூரம் இப்போது தெரிந்துவிட்டது. இனி அகலத்தைக் கணக்குப் போடலாம். அவள் விரல் விசையின் மேலேயே நின்றது, அழுத்தவில்லை. ராஜாளி தன்னைவிடப் பெரிய கழுகின் எல்லைக்குள் நுழையாது. அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

போனில் ஹூம் என்றது.

"ஏங்க. அது என்ன சத்தம்?"

"காத்தாடிதான்…" அவன் நிறுத்தினான். "இங்கன ஏது காத்தாடி? இனிமேத்தானே நடப் போறாவ."

"நிழல விட்டு வெளிய வாங்க."

"நடக்கத்தான் செய்யுதேன். எங்கன முடியுதுன்னு தெரியல எப்சி. ரொம்ப தூரத்துக்குப் போவுது."

"வண்டிய எடுங்க. மேல பாக்காதீங்க."

திரையில் மூன்றாம் கம்பத்தின் எண் மாறியது. இருபது.

ஹூம்.

வண்டி உறுமியது. ஆடு ஒன்றும் கத்தவில்லை.

பத்து.

"எப்சி, மேகத்துக்கு…"

ஐந்து.

மூன்றாம் கம்பத்தின் படம் முழுக்கக் கறுத்தது. கறுப்பு ஒரே சீராக இல்லை. வரி வரியாக இருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி. ஒவ்வொரு வரியும் காற்றில் லேசாக அசைந்தது.

கழுகு: ஒன்று. தூரம்: ஒன்று.

பிறகு வெளிச்சம்.

கீழே தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. கட்டடம் நடுங்கியது. நான்காம் கம்பத்துப் படத்தைப் பெரிதாக்கினாள்; காடு முழுக்க வெயில் அடித்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து மேயப் போயின. வண்டி சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை.

போன் துண்டிக்கப்படவில்லை. அவள் காதோடு அழுத்தினாள்.

ஹூம்.

திரையில் ஐந்து. பத்து. இருபது.

ஹூம். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அதனடியில் ஒரு மனிதன் மூச்சுக்குத் திணறும் ஒலி.

கேமராவில் பழுதில்லை. அது பார்ப்பது பக்கத்தில் இருக்கும் கழுகை அல்ல, மிக உயரத்தில் இருக்கும் மிகப் பெரிய ஒன்றை. எண் குறைந்தால் அது இறங்குகிறது. கூடினால், ஏறுகிறது.

முப்பது. நாற்பது.