நடுக்கட்டம்

அம்மா குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய அக்காவும் தங்கையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பூட்டைத் திறந்ததும் அடைந்து கிடந்த காற்று முகத்தில் மோதியது. அலமாரியின் அடித்தட்டில், ஒரு தலையணை உறைக்குள், அம்மா முடிக்காமல் விட்டுப்போன போர்வையின் கட்டங்கள் இருந்தன. பழைய துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த சதுரங்கள். இன்னும் ஒன்றோடொன்று சேர்க்கப்படாதவை.

பெரியவள் தையல் கடை வைத்திருப்பவள். துணியைத் தொட்டாலே அது யார் உடம்பில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சின்னவளின் பள்ளிச் சட்டை. சின்னவளின் பிறந்தநாள் கவுன். சின்னவள் காய்ச்சலில் கிடந்தபோது போர்த்திய துண்டு.

"என் துணி ஒண்ணுகூட இல்லடி."

"உன்னுதைக் கிழியுற வரைக்கும் நான்தானே போட்டேன்? மிச்சம் எங்க இருக்கும்?" என்று சிரித்தாள் சின்னவள். "ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமா? இல்ல, யாருக்காவது குடுத்துரலாமா?"

"பாதி எதுக்கு? எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன். தைக்கத் தெரிஞ்சவ நான்தானே."

"செத்தவங்ககிட்டயும் சண்டைக்குப் போறியா? எடுத்துக்கோ தாயே!"

சின்னவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மலமூத்திரம் அள்ளியவள் அவள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அம்மா கேட்பாள், "சின்னவ வந்துட்டாளா?"

மறுநாள் மழை. மத்தியானமே கடையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கட்டங்களை மிஷினில் வரிசையாக இணைத்தாள். நட்டநடுவில் தன் பழைய ரவிக்கையிலிருந்து வெட்டிய துண்டை வைத்துத் தைத்தாள்.

'இப்போ நானும் இருக்கேன்மா.'

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

ரவிக்கைத் துண்டு தரையில் கிடந்தது.

மிஷின் தையலைப் பிரித்தால் நூல் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். இங்கே மேல்நூலும் அடிநூலும் அறுபடாமல், முழுசாக, சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

இந்த முறை கையால் தைத்தாள், இரட்டை நூலில். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கைக்கு அடியில் நூல் ஊர்ந்தது.

அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தையலாகக் கழன்றது. துண்டு வழுக்கி மறுபடியும் தரையில் விழுந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அவதானே வேணும் உனக்கு? எடுத்துக்கோ! அவளையே வச்சுக்கோ!"

மிஷின் சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

நடுக்கட்டத்தில் ஒரு பச்சைத் துணி தைக்கப்பட்டிருந்தது. அவள் கண்ணால் பார்த்தறியாத துணி. தொட்டாள்.

உடம்புச் சூடு.

செல்போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, பஸ்ல நிக்கிறேன். புதுசா எடுத்த பச்சைச் சட்டைக்கா, முதுகுல யாரோ சதுரமா வெட்டி எடுத்த மாதிரி ஓட்டை. பின்னாடி ஒருத்தருமே இல்ல. குளுருதுக்கா."

பெரியவள் பிளேடை எடுத்தாள். அந்தப் பச்சையின் ஓரத்தில் ஒரே ஒரு தையலை அறுத்தாள்.

"ஆ! அக்கா! முதுகைக் கீறுறாங்க!"

பிளேடு விரலிலிருந்து நழுவியது.

"நிறுத்திட்டேன்டி… நிறுத்திட்டேன்."

"நீ எதை நிறுத்தின?"

அறுந்த நூலின் முனை மெல்ல நிமிர்ந்தது. துணிக்குள் இறங்கியது. மறுபக்கம் எழுந்தது.

போனில் சின்னவளின் குரல் தூக்கம் சொக்குவதுபோல் குழைந்தது.

"இப்போ வலிக்கலக்கா. யாரோ முதுகுல தட்டிக் குடுக்கறாங்க…"

அப்போதும் பெரியவளின் கண் தரையில் கிடந்த ரவிக்கைத் துண்டின் மேல்தான் போயிற்று.

போர்வையில் அடுத்த தையல் விழுந்தது.