முந்திரித் தோப்புக்கு அடியில் யாரோ!

"மேடம்... பூமிக்குள்ளேர்ந்து யாரோ இடிக்கிறாங்க!"

போனில் அலறியது ராபர்ட். குறிஞ்சிப்பாடியில், ஆழ்துளைக்குள் இறக்கிய நிலநடுக்க சென்சாருக்குக் காவலாள்.

சிதம்பரம் ஆய்வு மையத்தில் இளமதி திரையைப் பார்த்தாள். நிலத்தடிப் பிளவு அசைகிறதா என்று கண்காணிப்பது அவள் வேலை.

மூன்று அதிர்வு. இடைவெளி. மறுபடி மூன்று.

பூகம்பம் இப்படி எண்ணி எண்ணி வராதே...!

அந்தப் பகுதியில் இருந்த மூன்று ஆழ்துளை சென்சார்களும் ஒரே இடத்தைக் காட்டின. சடையப்பனின் முந்திரித் தோப்பு!

இளமதி போலீசை அழைத்தாள். ஜீப்பில் இன்ஸ்பெக்டர் அன்பரசு குழம்பினார்.

"பிளவுன்னீங்களே மேடம்... யாருக்கும் யாருக்கும்?"

"பூமிக்குள்ள சார்!"

"அதுக்கு எந்த செக்‌ஷன்ல எப்.ஐ.ஆர். போடறது?"

"யாரோ உயிரோட மாட்டியிருக்காங்க சார்... சீக்கிரம் போகச் சொல்லுங்க!"

தோப்பில் சடையப்பன். முகமெல்லாம் வியர்வை.

"வூட்டுல யாரையும் காணோமே... பொண்டாட்டி எங்கய்யா?" என்றார் அன்பரசு.

"தங்கம்மாளா? பெண்ணாடம் சார்... அவுங்க அம்மா வூட்டுக்கு..."

தொம்! தொம்! தொம்!

பாழுங்கிணற்றை மூடியிருந்த தகரம் நடுங்கியது.

சடையப்பன் அன்பரசுவின் காலில் விழுந்தான்.

"ஐயோ, ஆவி சார்! நேத்து நான்தான் உள்ள தள்ளிட்டேன்!"

"ஏன்யா?"

"இந்த மேடம் ஆளுங்க சென்சார் குழி போட்டதிலேர்ந்து, பூகம்பம் வரும், வூடு இடியும்னு சொல்லி அவ என்னை உள்ள படுக்கவே வுடல சார்! கொட்டுற மழையிலயும் வாசல்லதான்!"

அங்கே ஓடி வந்திருந்த ராபர்ட் தகரத்தை இழுத்தான். கும்மிருட்டு. இளமதி குனிந்து கூப்பிட்டாள்.

"தங்கம்மா... கேக்குதா?"

டார்ச்சை உள்ளே அடித்தாள்.

"தங்கம்மா!"

"கேக்குது... கயிறு போடுங்க!"

மேலே வந்தாள். தலையெல்லாம் சருகு, நெற்றியில் ரத்தம், கையில் கடப்பாறை!

"சருகு மேல வுழுந்தேன், பொழச்சேன். கத்திக் கத்தி தொண்டையே போச்சு. உள்ள பழைய கடப்பாறை கெடந்துச்சு. ஒரு இடி இடிச்சாலும் உங்க மெஷினுக்குத் தெரியும்னு ராபர்ட்டு சொல்லியிருக்காரு... இடிச்சேன்!"

இளமதிக்குக் கண் கலங்கியது.

அன்பரசு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா... அதிர்வு முடிஞ்சுதா மேடம்?"

தங்கம்மாள் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மாமா... இங்க வாங்க."

கடப்பாறை உயர்ந்தது.

இளமதி பின்வாங்கினாள்.

"இதுவரைக்கும் வந்ததெல்லாம் முன்னதிர்வு சார்... மெயின் இப்பத்தான் வருது!"